கைராசிக்கு மதிப்பெண் இல்லை

ஒருவர் டாக்டர் என்பதற்கு, அவர் நோயாளிகளைக் குணப்படுத்தினார் என்பது சான்றாகாது. இது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. குணமானவர்கள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் முத்திரை குத்திய தாள் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆகையால், யார் டாக்டர், யார் வெறுமனே வைத்தியம் தெரிந்த மனிதர் என்று பிரித்தறிவதற்காக மருத்துவத் தகுதி உறுதிப்படுத்தும் பேரவை என்று ஒன்று ஏற்பட்டது. அது ஏழு மாடிக் கட்டடம். லிஃப்ட் ஐந்தாவது மாடிவரைதான் போகும். மேலே உள்ள இரண்டு மாடிகளில்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

நம்முடைய டாக்டருக்கு ஐம்பத்து நான்கு வயது. சொந்த ஊரில் இருபத்தாறு வருஷம் வைத்தியம் பார்த்தவர். அங்கே அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கைராசிக்காரர் என்றால் பால்காரருக்கும் தெரியும். அந்தக் கைராசியில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நோயாளி வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடித்தபடியே கதை கேட்பார். காதுவலி என்று வந்தாலும் கைதான், கால்வலி என்று வந்தாலும் கைதான். வாய் ஒரு கதை சொல்லும்போது நாடி வேறு கதை சொல்வதுண்டு, இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கட்சி.

ஒரே மகள் மேற்படிப்புக்கு, பேரவை இருக்கும் இந்த நாட்டுக்குக் கிளம்பினாள். அந்தச் சமயம் பார்த்து, இங்கே டாக்டர் பஞ்சம் தலைவிரித்து ஆடுகிறது, உடனே வாருங்கள் என்று ஒரு விளம்பரமும் வந்தது. டாக்டரின் மனைவி தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. 'உடனே' என்ற வார்த்தையின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, "எழுத்துப்பிழை மாதிரி தெரியுது, எதுக்கும் விசாரிச்சுக்குங்க" என்றார். கணவர்மார்கள் எந்தக் காலத்தில் விசாரித்திருக்கிறார்கள்? குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்த மூன்றாம் மாதம் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சக்கர நாற்காலி தள்ளும் வேலை. சேர்ந்த அன்றைக்கே மேற்பார்வையாளர் விதியை விளக்கினார்: "நாற்காலியைத் தள்ளலாம். நோயாளியைத் தொடக்கூடாது." தள்ளிக்கொண்டு போகும் வழியில் 'டாக்டர் இல்லாததால் ஆறு மணி நேரம் காத்திருக்கவும்' என்று ஒரு பலகை எரியும். டாக்டர் தினமும் நாற்பது தடவை அந்தப் பலகையைக் கடந்து போனார்.

பேரவையில் ஐந்தாம் கவுண்டரில் ஒரு அம்மாள் இருந்தார். நல்லவர். கெட்ட செய்தியைக்கூடச் சிரித்த முகத்தோடு சொல்வார்.

"மூணு வருஷத்துக்குள்ள உண்மையான நோயாளியைப் பார்த்திருக்கணும் சார். அதுக்குப் பேரு அண்மைக்கால அனுபவம். இல்லேன்னா உங்க அனுபவம் காலாவதி."

"இருபத்தாறு வருஷமும் சேர்த்தா?"

"எல்லாம் ஒரே பாத்திரத்துல இருக்கறதுதானே சார். மேல கெட்டுப்போனா அடியில மட்டும் நல்லாயிருக்குமா?"

"சரிம்மா. அப்ப இங்க ரெண்டு நோயாளியைப் பார்த்துக்கிட்டே படிக்கிறேன்."

"ஐயையோ! லைசென்ஸ் இல்லாம நோயாளியைப் பார்த்தா குற்றம் சார்."

"லைசென்ஸ் எப்ப கிடைக்கும்?"

"பரீட்சை பாஸ் பண்ணினதும்."

"பரீட்சை எழுத என்ன வேணும்?"

"அண்மைக்கால அனுபவம்."

டாக்டர் கவுண்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இதுல நான் எந்தப் பக்கமா உள்ள நுழையறதும்மா?"

"நுழைவு நாலாம் கவுண்டர் சார். அவர் சாப்பிடப் போயிருக்கார்."

காலாவதித் தேதியைத் தலைமையாசிரியை சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார். அந்தத் தேதிக்குள் பாஸ் செய்தால் டாக்டர். தவறினால் ஆயுசுக்கும் நாற்காலி. இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. டாக்டருக்கு வைத்தியம் தவிர வேறெதுவும் தெரியாது. பல்பு மாற்றத் தெரியாது, பேரம் பேசத் தெரியாது. அந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று தினமும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

முதல் இரண்டு வருஷம், அவர் படித்த கல்லூரி உலகத்தில் இருக்கிறது என்று நிரூபிப்பதிலேயே போயிற்று. கல்லூரி முதல்வரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்த முதல்வர் காலமாகிவிட்டார் என்று எழுதினார். அப்படியானால் காலமானதை முதல்வரே உறுதிசெய்து ஒரு கடிதம் அனுப்பட்டும் என்று பதில் வந்தது. எப்படியோ அந்தக் கிணற்றைத் தாண்டி எழுத்துத் தேர்வுக்கு உட்கார்ந்தார். சுற்றிலும் மகள் வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த பெண் அவரைத் தேர்வு மேற்பார்வையாளர் என்று நினைத்துக் கூடுதல் தாள் கேட்டாள். அதிலும் பாஸ் செய்துவிட்டார். எஞ்சியது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். இருபத்தாறு வருஷம் செய்த முறைதானே என்று டாக்டர் நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் அவர் செய்த முதல் தவறு.

செய்முறைத் தேர்வில் பத்து அறைகள். அறைக்கு எட்டு நிமிஷம். உள்ளே நோயாளி மாதிரி ஒரு நடிகர், மூலையில் மதிப்பெண் தாளோடு ஒரு தேர்வாளர். முதல் அறையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் போனார், கையைப் பிடித்தார், வயிற்றில் ஓர் இடத்தில் அழுத்தினார், "குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை" என்றார். நாற்பது விநாடி. மீதி ஏழு நிமிஷம் இருபது விநாடியும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு தபாலில் வந்தது. கை கழுவவில்லை, பூஜ்யம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை, பூஜ்யம். தொடுவதற்கு அனுமதி கேட்கவில்லை, பூஜ்யம். பதினைந்து டிகிரி முன்னால் சாயவில்லை, பூஜ்யம். 'இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது' என்ற வாக்கியத்தைச் சொல்லவில்லை; அதற்கு மூன்று மதிப்பெண், அதுவும் பூஜ்யம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், ஒன்று.

"ஒண்ணு குடுத்திருக்காங்களே, அதுவரைக்கும் பரவாயில்ல" என்றார் டாக்டர்.

"அது கருணை மதிப்பெண்ணா இருக்கும்பா" என்றாள் மகள்.

அடுத்த தேர்வு ஐந்து மாதம் கழித்து. காலாவதிக்கு ஏழு மாதம் இருந்தது. மகள் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். வரவேற்பறை தேர்வுக்கூடம் ஆயிற்று. மகள் கைபேசியில் நேரம் பார்க்க, தலைமையாசிரியை நோயாளி. அவர் இப்போது ஒரு பள்ளிக்கூட உணவறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைய வேலை முடிந்து, இடுப்பைப் பிடித்தபடி சோபாவில் உட்கார்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேஷம் இருமல்.

"வணக்கம். நான் இன்னிக்கு உங்களைப் பார்க்கப்போற டாக்டர். உங்களை எப்படிக் கூப்பிடணும்னு விரும்பறீங்க?"

"இத்தனை வருஷமா ஏய்னுதானே கூப்பிட்டீங்க."

"அம்மா! தாள்ல உள்ளதைச் சொல்லு."

"இருமல் டாக்டர். ஒரு வாரமா."

டாக்டர் பதினைந்து டிகிரி சாய்ந்தார். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, தேநீர் மேஜையில் நெற்றி இடித்தது. "இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது."

"புரியுதா? நிஜமாவே?" தலைமையாசிரியைக்கு இருமல் மறந்துவிட்டது. "காலையில ஆறு மணியிலேருந்து நின்னுக்கிட்டே தட்டு அடுக்கறேனே, அது புரியுதா? வீட்டுக்கு வந்தா துவைக்கற துணி நான் போட்ட இடத்திலேயே கிடக்குதே, அது புரியுதா?"

"வேற ஏதாவது கவலை இருக்கா?" என்று டாக்டர் தாளில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

"இருக்கு. சொன்னா எட்டு நிமிஷம் பத்தாது."

"நேரம் முடிஞ்சுது" என்றாள் மகள். "அப்பா பதினொண்ணுக்கு நாலு. அம்மா, நடிப்பு பிரமாதம்."

இப்படியே ஐந்து மாதம். டாக்டர் கண்ணாடிமுன் நின்று சாய்ந்தார். குழாயைத் திறக்காமலே கை கழுவப் பழகினார். நாற்காலி தள்ளும்போது நோயாளிகளின் முதுகைப் பார்த்து 'எனக்குப் புரியுது' என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் அவர்மேல் புகார் கொடுத்தார்கள்.

இரண்டாவது முயற்சியில் ஐந்து அறைகள் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போயின. ஆறாவது அறையில் ஒரு பருத்த நடிகர். படிக்கட்டில் தடுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டவராக நடிப்பது அவர் வேலை. டாக்டர் கை கழுவினார், அறிமுகப்படுத்திக்கொண்டார், சாய்ந்தார், அனுமதி கேட்டார். அனுமதி கேட்டது கணுக்காலுக்கு. ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

பிடித்தவர் விடவில்லை. நாடி தாறுமாறாக ஓடியது. நாலு துடிப்பு ஓட்டம், ஒரு நிறுத்தம், இரண்டு பாய்ச்சல், மறுபடி நிறுத்தம்.

"உங்களுக்குப் படபடப்பு வருதா?"

நடிகர் விழித்தார். அது அவர் மனப்பாடம் செய்த தாளில் இல்லை. "கணுக்கால்தான் டாக்டர்."

"நான் கணுக்காலைக் கேட்கல. உங்களைக் கேட்கறேன்."

"என்னைன்னா? தடுக்கி விழுந்தவரையா, என்னையா?"

"இந்தக் கை யாரோடது?"

"கை… என்னோடதுதான்."

"அப்ப கைக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும். மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

நடிகர் மூலையில் இருந்த தேர்வாளரை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மாசமா வாங்குது டாக்டர். எங்க வீட்டுலகூடச் சொல்லல" என்றார்.

தேர்வாளர் தொண்டையைக் கனைத்தார். "விண்ணப்பதாரர் கவனத்துக்கு. இந்த அறையில் இதயம் கிடையாது. இதயம் ஒன்பதாம் அறை."

"இவருக்கு இருக்கு சார். தப்பா ஓடுது."

"ஆறாம் அறைக்கு ஒதுக்கப்பட்டது கணுக்கால்."

"ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா, கணுக்கால் ரெண்டும் சேர்ந்து அசையாம போயிடும் சார்!"

டாக்டர் நடிகரிடம் திரும்பி, "இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேஷத்தைக் கலைச்சிட்டுப் போங்க, இல்லேன்னா காலுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிடுவாங்க" என்றார். மணி அடித்தது. கணுக்காலை அவர் தொடவே இல்லை.

முடிவு வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. காரணம் என்ற இடத்தில், 'கொடுக்கப்பட்ட நோயைக் கவனியாமல், கொடுக்கப்படாத நோயைக் கண்டுபிடித்தது' என்று இருந்தது. காலாவதிக்கு ஒன்றரை மாதம். அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம். டாக்டர் அன்று நாட்காட்டியின் பக்கமே போகவில்லை. சாப்பிடும்போது, "நாற்காலி வேலையும் ஒண்ணும் மோசமில்ல, நடைப்பயிற்சி மாதிரி" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா பொய் சொல்வதை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டிக்கொண்டு அந்த நடிகர் வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தாராம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்றார்களாம். டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்புத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர், ஆனாலும் இந்த அழுகை அவருக்குச் சரியாக வரவில்லை. அதனால் உண்மை என்று தெரிந்தது. "பேரவைக்கு நன்றிக் கடிதம் போட்டிருக்கேன் டாக்டர். எல்லாத்தையும் விவரமா எழுதிட்டேன். உங்களுக்கு நல்லது நடக்கும்" என்றார்.

நல்லது இரண்டு உறைகளில் வந்தது.

முதல் உறையில் இப்படி எழுதியிருந்தது: 'நடிகர் என்ற முறையில் அவர் தேர்வுக்கூடத்தில் இருந்தார், அந்த முறையில் அவருக்கு நோய் இல்லை. நோயாளி என்ற முறையில் அவருக்கு நோய் உண்டு. அந்த முறையில் அவர் தேர்வுக்கூடத்தில் இல்லை. எனவே மதிப்பெண்ணை மாற்ற இடமில்லை.'

இரண்டாவது உறை வேறு பிரிவிலிருந்து. 'லைசென்ஸ் இல்லாத தாங்கள், பேரவை வளாகத்திலேயே, உண்மையான நோயாளி ஒருவரைப் பரிசோதித்து, அவருடைய உண்மையான நோயைச் சரியாகக் கண்டறிந்து, தக்க ஆலோசனையும் வழங்கியுள்ளீர்கள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?'

டாக்டர் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். தலைமையாசிரியை கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னங்க, அந்தம்மா என்ன கேட்டாங்க? மூணு வருஷத்துக்குள்ள உண்மையான நோயாளியைப் பார்த்ததுக்குச் சான்று, அப்படித்தானே?"

"ஆமா."

"தேதி போட்டு, முத்திரை குத்தி, 'உண்மையான நோயாளி', 'சரியாகக் கண்டறிந்து', 'ஐயத்துக்கு இடமின்றி'ன்னு பேரவையே எழுதிக் குடுத்திருக்கு. இதைவிட நல்ல நடத்தைச் சான்றிதழை நான் இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்கும் குடுத்ததில்ல."

"இது குற்றச்சாட்டு."

"குற்றச்சாட்டா சான்றான்னு பார்க்கறது அவங்க வேலை இல்ல. தாள் இருக்கான்னு பார்க்கறதுதான் அவங்க வேலை. கிளம்புங்க!"

ஐந்தாம் கவுண்டர் அம்மாள் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். முகம் மலர்ந்தது. "அடடா, இது போதுமே சார். ஒண்ணரை மாசத்துக்கு முன்னால பார்த்திருக்கீங்களா? உங்க அனுபவம் இன்னும் ரெண்டு வருஷம் பத்தரை மாசத்துக்கு நல்லாயிருக்கும்" என்று ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். குற்றச்சாட்டு என்னாகும் என்று டாக்டர் பயந்துகொண்டே கேட்டார். அது ஆறாம் மாடி, லிஃப்ட் போகாது, யாராவது ஏறினால்தான் ஃபைலும் ஏறும் என்று அம்மாள் ஆறுதல் சொன்னார். ஃபைல் ஏறியபோது ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. 'தாளில் இல்லாத எந்த நோயையும் இனிக் கண்டுபிடிக்கமாட்டேன்' என்று உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு மன்னித்துவிட்டார்கள்.

மூன்றாம் முயற்சிக்கு நடிகரே வாத்தியார் ஆனார். நன்றிக்கடன். வாரம் மூன்று நாள் வந்து சொல்லிக்கொடுத்தார்.

"உங்க கோளாறு என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு டாக்டர். நீங்க நோயாளியைப் பார்க்கறீங்க."

"பின்ன?"

"பார்க்கற மாதிரி இருக்கணும். பார்த்தீங்கன்னா ஏதாவது தெரிஞ்சுடும். தெரிஞ்சா நேரம் போயிடும். மூணு விநாடி கண்ணு, ஒரு தலையாட்டல், வாக்கியம். அதுக்கு மேல போகாதீங்க. முக்கியமா அந்தக் கை. ரெண்டு கையையும் கோத்து மடியில வெச்சுக்குங்க. என் உயிரைக் காப்பாத்தின கைதான், இல்லேங்கல. ஆனா அதுக்கு மதிப்பெண் இல்ல."

டாக்டர் கையைக் கோத்துக்கொண்டார். முதலில் விரல்கள் தவித்தன. போகப்போக அடங்கிவிட்டன. அந்தத் தேர்வில் பத்து அறையிலும் முழு மதிப்பெண் வாங்கியவர் அவர் ஒருவர்தான். பத்துப் பேருக்கும் என்ன நோய் என்று அன்று சாயங்காலம் மகள் கேட்டபோது அவருக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லைசென்ஸ் வந்தது. எந்த ஆஸ்பத்திரியில் நாற்காலி தள்ளினாரோ அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையும் கிடைத்தது. எட்டு நிமிஷத்துக்கு ஒரு நோயாளி. வெளியே போகும்போது நோயாளிகள் வாசல் இயந்திரத்தில் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் குத்திவிட்டுப் போவார்கள். டாக்டருக்கு நட்சத்திரம் கொட்டியது.

"அங்க உங்களைக் கைராசிக்காரர்னு கூப்பிட்டாங்க. இங்க என்னன்னு கூப்பிடறாங்க?" என்று ஒருநாள் தலைமையாசிரியை கேட்டார்.

"நாலரை நட்சத்திரம்" என்றார் டாக்டர். அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். தலைமையாசிரியை துணி மடிக்கப் போய்விட்டார்.

நாலு வருஷம் கழித்துப் பேரவை அவரைத் தேர்வாளராக அழைத்தது. டாக்டர் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அதே ஆறாம் அறை, அதே கணுக்கால். நடிகர் மட்டும் வேறு. நம்முடைய நடிகர் இப்போது தேர்வுக்கு ஆள் தயார்செய்யும் பயிற்சி நிலையம் வைத்து ஓகோ என்று இருந்தார்.

நாலாவதாக ஒரு விண்ணப்பதாரர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வேறு ஏதோ தேசம், தேய்ந்த செருப்பு. கை கழுவினார், சாய்ந்தார், கணுக்காலைப் பார்க்க ஆரம்பித்தவர் திடீரென்று மூலைப்பக்கம் திரும்பினார்.

"சார், மன்னிக்கணும். உங்க கையில அந்தத் தாள் நடுங்குது."

டாக்டர் தாளைப் பார்த்தார். நடுங்கத்தான் செய்தது.

"கழுத்துல லேசா வீக்கம் இருக்கு. இந்தக் குளிர்லயும் உங்களுக்கு வேர்க்குது. சமீபத்துல எடை குறைஞ்சுதா சார்? தைராய்டா இருக்கலாம். நெஞ்சு படபடன்னு…"

"விண்ணப்பதாரர் கவனத்துக்கு" என்றார் டாக்டர். குரல் அவருடையதுதான், வார்த்தைதான் எங்கிருந்தோ வந்தது. "இந்த அறைக்கு ஒதுக்கப்பட்டது கணுக்கால்."

மணி அடித்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். அதில் இதற்கென்று கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தில் எதைப் போடுவது? 'நோயாளி அல்லாத நபர்மீது கவனம் செலுத்தியது' என்று எழுதி மூன்று மதிப்பெண் குறைத்தார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து கை கழுவினார். தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்தது. மறுநாளே பேரவைக்கு எழுதுவது என்று முடிவு செய்தார். மறுநாள் நிறைய நோயாளிகள் இருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தன்னுடைய ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இளம் டாக்டர் ஒருத்தி ஓடிவந்தாள். போன தேர்வில் அவரிடம் முழு மதிப்பெண் வாங்கிய பெண். கை கழுவினாள், தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள், அழகாகச் சாய்ந்தாள். "இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது" என்றாள். கேட்கவே இதமாக இருந்தது. டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எட்டு நிமிஷம் முடிந்து, பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்று அவள் போன பிறகுதான், யாரும் தன் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. எந்தப் பரிசோதனை என்று அவளும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலி வந்தது. ஏறி உட்கார்ந்தார். ஏழு மணி நேரம் காத்திருக்கவும் என்று பலகை எரிந்தது. அதைக் கடக்கும்போது திரும்பி, தள்ளுகிறவர் முகத்தைப் பார்த்தார். ஆறாம் அறையில் தாள் நடுங்குகிறது என்று சொன்ன அதே மனிதர்.

இத்தனை வருஷத்தில் டாக்டர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பின்னால் நீட்டினார். "ஐயா, நீங்க அன்னிக்குச் சொன்னது சரி. தப்பு என் பேர்லதான். கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

நாற்காலி நின்றது. அந்த மனிதர் நீட்டிய கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"தள்ள மட்டும்தான் சார். தொடக்கூடாது" என்றார். "அதோட, அடுத்த மாசம் எனக்குக் கடைசி முயற்சி. பயிற்சி நிலையத்துல, அந்தப் பழக்கத்தையே விடச் சொல்லியிருக்காங்க."

டாக்டர் கையை எடுக்கவில்லை. அந்த மனிதர் முன்பக்கம் வந்தார். இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். சரியாகப் பதினைந்து டிகிரி சாய்ந்தார். மூன்று விநாடி கண்ணைப் பார்த்தார். ஒருமுறை தலையாட்டினார்.

"இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது" என்றார்.

நீட்டிய கை நீட்டியபடி இருக்க, டாக்டர் தன்னையறியாமல் மனசுக்குள் மூன்று மதிப்பெண் போட்டார்.